பதினொரு பேர் பாட்டு, மூன்று பேர் மூச்சு

பெரியப்பாவுக்குப் பகலில் தறி, முகூர்த்த நாளில் கிளாரினெட். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கூரம் எங்கள் ஊர். அவருடைய பேண்டு செட்டில் ஒரு காலத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். இப்போது மிச்சம் மூன்று பேர்: இவர், ஒரு டிரம்பெட், ஒரு சைடு டிரம். பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பதிவுகளை ஒருநாள் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நம்ம செட்டு மாதிரியேதான்டா இருக்கு. மூணு பேருக்கு எழுதிக் குடு, வாசிக்கிறோம்" என்றார்.

'வென் த செயிண்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' பாட்டை எடுத்துக்கொண்டேன். பதிவில் கேட்ட ஒவ்வொரு குரலையும் சரிகமவில் எழுதி, மூன்று பேருக்கும் பங்கு போட்டேன். வாசித்தபோது பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாம்பார் கேட்பது போல இருந்தது. டிரம்பெட்காரருக்கு மூச்சு வாங்கியது. பெரிய செட்டின் பாட்டைச் சின்ன செட்டுக்குக் குறைத்தவர்கள் முன்பு என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

1923இல் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்டு இண்டியானாவின் ரிச்மண்டில் பதிவு செய்தது. அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பு சத்தத்தை வாங்கி ஊசிக்கு அனுப்பும். பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் போட்டார். 1925 நவம்பரில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' சிகாகோவில் பதிவு செய்தபோது டிரம்மும் இல்லை, பாஸும் இல்லை. லில் ஹார்டினின் பியானோவும் ஜானி செயிண்ட் சைரின் பேஞ்சோவும் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. முன்னால் மூன்று குரல்கள்: கார்னெட் மெட்டைச் சொல்லும், கிளாரினெட் மேலே கொடி போலச் சுற்றும், டிராம்போன் கீழே தரையாக நிற்கும். ஆள் போகலாம், அவர் செய்த வேலை போகக்கூடாது. எங்கள் செட்டில் அந்தத் தரை வேலைக்குத்தான் ஆள் இல்லை.

இந்த வேலையை நம் பக்கத்தில் நூறு வருடத்துக்கும் முன்பே ஒருவர் செய்திருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தார். முதலியார் குடும்பத்து ஆதரவில், செயிண்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டைக் கேட்டார். தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் மன்னருக்கான 'காட் சேவ் த கிங்' மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆனது.

பல வாத்தியக் குரல்களில் அவர் மெட்டை மட்டும் எடுத்தார். கமகம் சேர்க்கவில்லை. ஸ்வரங்களை நேராக நிறுத்தி, மெட்டின் நடையைக் காப்பாற்றினார். பின்னாளில் காஞ்சியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்; ஏகாம்பரநாதர் மேல் பைரவியில் 'சிந்தய மா' பாடியவர். கமகம் தெரியாதவரா அவர்? தெரிந்தும் இங்கே கையைக் கட்டிக்கொண்டார்.

நான் மறுபடி எழுதினேன். மெட்டு முழுவதும் டிரம்பெட்டுக்கு, அலங்காரம் இல்லாமல். முதல் சுற்றில் கிளாரினெட் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, விட்டுவிட்டு நடந்து, டிராம்போன் வேலையைச் செய்யும். இரண்டாம் சுற்றில் மேலே ஏறும். டிரம்மில் விளிம்பைத் தட்டினால் போதும். இந்தத் தடவை பாட்டு நின்றது. இரண்டாம் சுற்றில் பெரியப்பாவுக்குப் பிடித்த நீளமான ஓட்டம் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அதை வாசிக்கும்போதெல்லாம் கடைசியில் அவருக்கு இருமல் வந்தது.

எங்கள் ஊர்க் கூரத்தாழ்வான் கதை எல்லோருக்கும் தெரியும். சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கத்துக்கு நடந்தார். காட்டுவழியில் அந்த அம்மாளுக்குப் பயம். கணவர் குடிக்கட்டும் என்று ஒரு பொன் வட்டிலை மட்டும் மடியில் மறைத்து எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கித் தூர எறிந்தார். மடியில் கனம் போனது, வழியில் பயமும் போனது.

நான்காவது ஒத்திகையில் பெரியப்பா கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஓட்டத்தை எடுத்துடுடா. அது என் பொன் வட்டில்" என்றார்.

பென்சிலால் அடித்தேன். அந்த இடத்தில் இப்போது டிரம்பெட் தனியாக வருகிறது. அவர் காலால் தாளம் போடுகிறார்.