வராந்தாவில் யார் உட்கார்ந்தார்கள்?

அமெரிக்கத் தெற்கு என்றதும் இணையம் நமக்குக் காட்டுகிற படம் ஒன்றுதான். வெள்ளை வண்ணம் அடித்த மர வீடு, அதன் முன்னால் நீளமான வராந்தா, இரண்டு ஆடும் நாற்காலிகள், ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர். கூடவே நிதானமாக வாழச் சொல்லி ஒரு வரி. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தே பிழைக்கிற என் போன்றவர்களுக்கு அந்தப் படம் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் அந்த நாற்காலி யாருக்காகப் போடப்பட்டது, அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தால் படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். 'வராந்தா' என்கிற சொல்லே ஆங்கிலத்துக்கு இந்தியாவிலிருந்து, போர்த்துகீசியர்களின் வழியாகப் போய்ச் சேர்ந்த ஒன்று. குளிர் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு வீட்டு முகப்பில் நிழற்கூரை போட்டு உட்காரும் பழக்கம் பெரிதாகக் கிடையாது. அதைக் கரீபியத் தீவுகளின் வெயிலும், அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் கட்டட அறிவும் கற்றுக்கொடுத்தன என்று ஜான் மைக்கேல் விலாச் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அவர் எடுத்துக்கொண்ட சான்று 'ஷாட்கன்' வீடு. ஒரே ஓர் அறை அகலம், அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில்பெட்டி மாதிரி, முன்னால் ஒரு வராந்தா. ஹைட்டியிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த வடிவம் இது. ஹைட்டியப் புரட்சியால் இடம்பெயர்ந்தவர்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1809, 1810 ஆண்டுகளில் கியூபா வழியாக அந்த நகருக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படியென்றால், தோட்ட முதலாளியின் மாளிகைக்கு அடையாளமாகிப்போன வராந்தாவின் வேர், அவருடைய அடிமைகளின் ஊரில் இருக்கிறது.

என் தொழில் புத்திக்கு அது ஓர் இயந்திரமாகத்தான் தெரிகிறது. மின்சாரம் வேண்டாத குளிர்சாதனம். முன்னால் நீண்ட கூரை சுவரில் வெயில் விழாமல் தடுக்கும். மரத்தளத்தைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டியதால் அடியிலும் காற்று ஓடும். 'டாக்டிராட்' என்கிற ஏழை வீடுகளில் இரண்டு அறைகளுக்கு நடுவே திறந்த நடை ஒன்று விடுவார்கள், காற்று புகுந்து போக. வாக்கர் எவன்ஸ் 1936 கோடையில் அலபாமாவின் ஹேல் மாவட்டத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அப்படியொரு நடை இருக்கிறது. அதில் ஒரு கை கழுவும் கிண்ணம், தொங்கும் ஒரு துண்டு. குத்தகைப் பருத்தி விவசாயியின் வீடு அது.

சரி, அந்த மெதுவான வாழ்க்கை? அதற்கு முதல் காரணம் வெயில். ஆகஸ்ட் நண்பகலில் யாரும் வேகமாக நடக்க முடியாது. இரண்டாவது காரணம் பருத்தி. வசந்தத்தில் விதைத்து, களை வெட்டி முடித்தால், கோடை நடுவில் காய் வெடிக்கும்வரை சில வாரங்கள் வயலில் வேலை குறையும். அந்த வாரங்களில்தான் வராந்தா நிறையும். ஆனால் குத்தகைக்காரருக்கு அது நிம்மதியான ஓய்வு இல்லை. விதை, சாப்பாடு எல்லாமே கடனில் வாங்கியவை. அறுவடைக் கணக்கை எழுதுவது நில உரிமையாளர்.

மூன்றாவது காரணத்தை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. கொக்கிப்புழு. தெற்கத்திக்காரர்கள் சோம்பேறிகள் என்று நாடே கேலி பேசிக்கொண்டிருந்தபோது, சார்லஸ் ஸ்டைல்ஸ் என்கிற மருத்துவ விலங்கியலாளர் அந்தச் சோர்வுக்குப் பின்னால் இரத்தசோகை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியே நுழைந்து குடலில் இரத்தம் குடிக்கும் புழு அது. பத்திரிகைகள் 1902இல் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்று பெயர் வைத்தன. 1909இல் ராக்ஃபெல்லர் பணத்தில் தொடங்கிய சுகாதார ஆணையம் ஊர் ஊராக மருந்து கொடுத்தது, கழிப்பறை கட்டச் சொன்னது. நாம் நிதானம் என்று ரசிப்பதில் ஒரு பங்கு நோய்.

அங்கே சந்தோஷமே இல்லையா என்றால், இருந்தது. பட்டாணி உரிப்பது, சோளம் உரிப்பது, கிழிசல் தைப்பது எல்லாம் வராந்தாவில்தான் நடந்தன. கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? கதை பிறந்தது. ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில், கறுப்பின மக்கள் 1887இல் தங்களுக்கென்று நிறுவிக்கொண்ட ஊர். அங்கே வளர்ந்த ஜோரா நீல் ஹர்ஸ்டன், ஊர்க் கடையின் வராந்தாவில் ஆண்கள் போட்டி போட்டு அவிழ்த்துவிடும் புளுகுக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். மானுடவியல் படித்துவிட்டுத் திரும்பிவந்து அவற்றைச் சேகரித்தார், 1935இல் புத்தகமாக்கினார். இரண்டாண்டு கழித்து வந்த அவருடைய நாவலில் அதே கடை வராந்தா வருகிறது. அதில் கதாநாயகி ஜேனி, அந்தப் பேச்சில் கலந்துகொள்ளக் கூடாது என்று கணவனால் தடுக்கப்படுகிறாள். வராந்தா எல்லாருக்கும் திறந்திருந்தாலும், பேசும் உரிமை அப்படித் திறந்திருக்கவில்லை.

இனப் பாகுபாட்டின் காலத்தில் இது இன்னும் அப்பட்டம். வெள்ளையர் வீட்டுக்கு வரும் கறுப்பினத்தவர் பின்வாசலுக்குத்தான் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். அதே நேரம் கறுப்பினக் குடும்பத்தின் வராந்தாவோ தாக்குதலுக்குத் திறந்து கிடந்தது. 1956 ஜனவரி 30 இரவு, மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டு வராந்தாவில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். கோபத்தோடு கூடிய கூட்டத்தைக் கிங் அதே வராந்தாவில் நின்றுதான் அமைதிப்படுத்தினார்.

மிசிசிப்பியில் 1962இல் வாக்களிக்கத் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பட்டியலில் இருந்தார்கள். 1964 கோடையில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் படியில் உட்கார்ந்து பேசினார்கள். திறந்த வராந்தாவில் நடக்கும் பேச்சு தெருவுக்கே தெரியும். யாரோடு உட்கார்ந்திருந்தாய் என்று மறுநாள் முதலாளி கேட்பார். வேலை போகலாம், வீடு போகலாம். அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு 'உட்காருங்க' என்று சொல்வதற்கே தைரியம் வேண்டியிருந்தது.

பிறகு ஏசி வந்தது. வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தச் செய்த ஏற்பாடு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜன்னல் பெட்டியாக வீட்டுக்குள் நுழைந்தது. 1960இல் தென்மாநில வீடுகளில் ஐந்தில் ஒன்றில்கூட ஏசி இல்லை. 1970இல் ஏறக்குறைய பாதி வீடுகளில் இருந்தது. கதவு சாத்தப்பட்டது, டிவி ஓடியது. வராந்தாவை யாரும் இடிக்கவில்லை, உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். முதியவர்கள் வெப்பத்தில் சாகாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தால், இதை வெறும் இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளில் ஃப்ளோரிடாக் கடற்கரையில் சீசைட் என்ற புதிய ஊரைத் திட்டமிட்டவர்கள், வீடுகளுக்கு முன்வராந்தா கட்டாயம் என்று விதியே வைத்தார்கள். அழகான ஊர், இன்று அங்கே வீடு வாங்கப் பெரும்பணம் வேண்டும். கூரையையும் நாற்காலியையும் விதி போட்டுக் கொண்டுவரலாம். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பட்டாணி உரித்தபடி ஒரு மாலையைக் கழிக்க நேரம் வேண்டும். அந்த நேரம் கடன்காரருக்கோ முதலாளிக்கோ சொந்தமாக இல்லாமலும் இருக்க வேண்டும். ஹேல் மாவட்டத்துக் குத்தகைக்காரரிடம் வராந்தா இருந்தது. அந்த நேரம்தான் அவரிடம் இல்லை.