பொருட்காட்சியில் மரவேலைப் பொறிகள்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூர் என்னும் சிற்றூர் உள்ளது. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு அந்த வட்டாரம் ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்து, கோயம்புத்தூர் ஜில்லாவின் கொள்ளேகாலம் தாலுக்காவில் அடங்கியது. 1956 நவம்பர் முதல் நாள் இராஜ்யங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது அது மைசூர் இராஜ்யத்தைச் சேர்ந்தது. 1997-இல் சாமராசநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது முதல் அம்மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் கன்னடமும் ஒரே கடைவீதியில் வழங்கும் எல்லை நிலம் அது. சுற்றிலும் காடு, மூங்கிலுக்கும் சந்தனத்துக்கும் பெயர்போன காடு.

இத்தகைய ஊரில் வாழும் தச்சர் ஒருவர், தம் பட்டறைக்கு ஓர் இயந்திரம் வாங்க விரும்புகிறார் என்று கொள்வோம். கதவு நிலைக்குத் துளையிடும் இயந்திரமாகவோ, பலகையை ஒரே கனத்துக்கு இழைத்துத் தரும் இயந்திரமாகவோ அது இருக்கலாம். பெங்களூரில் நடைபெறும் மரத்தொழிற் பொருட்காட்சிக்குச் சென்றால் நூற்றுக்கணக்கான பொறிகளை ஒரே கூரையின் கீழ்க் காணலாம். எதை வாங்குவது? எதை விட்டுவிடுவது? வாழ்நாள் சேமிப்பையோ வங்கிக் கடனையோ முதலாக இடும் ஒருவருக்கு இது சிறிய கேள்வி அன்று. இக்கேள்விக்கு விலைப்பட்டியலைக் காட்டிலும் சரித்திரம் நல்ல விடை தருகிறது.

மரவேலைப் பொறிகளின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படுபவர் சாமுவேல் பெந்தாம் என்னும் ஆங்கிலேயர். மரத்தை இழைக்கும் பொறிக்கு அவர் 1791-இல் காப்புரிமை பெற்றார். 1793-இல் பெற்ற இரண்டாவது காப்புரிமையில் அறுத்தல், துளைத்தல், கடைதல், காடி எடுத்தல் ஆகிய பல வேலைகளுக்கும் பொறிகளை வகுத்துக் காட்டினார். இவற்றை அவர் எண்ணியதன் நோக்கம் கவனிக்கத்தக்கது. அவருடைய தமையனார் ஜெரமி பெந்தாம் புதிய முறையில் ஒரு சிறைச்சாலை அமைக்கத் திட்டமிட்டிருந்தார். தொழில் பழகாத கைதிகளைக் கொண்டு மரவேலை செய்விக்க வேண்டும் என்பதே சாமுவேலின் கருத்து. அதாவது, கைத்திறன் இல்லாத இடத்தை நிரப்பவே அந்தப் பொறிகள் பிறந்தன.

அந்தக் கருத்து வெற்றி பெற்ற இடம் போர்ட்ஸ்மத் கப்பல் துறை. பாய்க்கப்பல்களுக்குக் கயிறு ஓடும் மரக் கப்பிகள் ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் தேவைப்பட்டன. மார்க் புருனெல் என்பவர் அக்கப்பிகளைச் செய்வதற்கென்றே பொறிவரிசை ஒன்றை வகுத்தார். ஹென்றி மாட்ஸ்லே அவற்றை உலோகத்தில் வடித்துக் கொடுத்தார். 1808-ஆம் ஆண்டில் அங்கு 1,30,000 கப்பிகள் செய்யப்பட்டன. முன்பு 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் முடித்தனர். உலகில் ஒரே பொருளைப் பொறிகளால் பெருவாரியாகச் செய்த தொடக்கக் காலச் சான்றுகளுள் இது முதன்மையானது.

இந்த வெற்றியில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. போர்ட்ஸ்மத் பொறிகள் தனித் தொழிற்பொறிகள். கப்பி செய்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை தெரியாது. இலட்சம் கப்பிகளை வாங்கிக்கொள்ளக் கடற்படை காத்திருந்தது. ஆகையால் அவை இலாபம் தந்தன. ஆண்டுக்கு நூறு கப்பி போதும் என்றிருந்தால் அதே பொறிகள் துருப்பிடித்திருக்கும். ஒரு வேலைக்கே உரிய பொறியை வாங்குவோர், அந்த வேலை தம்மிடம் எவ்வளவு வருகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொறி சிறந்ததாக இருந்தாலும் அதன் வாய் சிறக்காவிடில் பயன் இல்லை என்பதற்கும் சான்று உண்டு. முடிவில்லாத நாடாவைப்போல் இரு சக்கரங்களின்மீது ஓடும் நாடா ரம்பத்துக்கு வில்லியம் நியூபெரி என்பவர் 1809-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் சுமார் நாற்பது ஆண்டுகள் அது வழக்கத்துக்கு வரவில்லை. அலகின் இரு முனைகளையும் அறுபடாமல் பற்றவைக்கும் வழி தெரியாததே காரணம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பான் என்னும் பெண்மணி அதற்கு ஒரு முறை கண்டு 1846-இல் காப்புரிமை கோரினார். பாரிசு நகரத்துப் பெரான் கம்பெனி அவ்வுரிமையை வாங்கி, நல்ல எஃகு அலகுகளைச் செய்தது. அதன் பின்னரே நாடா ரம்பம் பட்டறைகளில் நிலைத்தது. இன்றும் பொறியின் விலையைக் கேட்பவர் பலர். அலகின் விலையையும், அதைத் தீட்டிக் கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் கேட்பவர் சிலரே.

பொறியை ஓடவிட்டுக் காட்டும் வழக்கத்தை உலகறியச் செய்தது 1851-இல் இலண்டனில் கூடிய மாபெரும் பொருட்காட்சி. கண்ணாடி மாளிகையில் நடந்த அக்காட்சியை அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். வெளியே கொதிகலன் கூடம் அமைத்து, குழாய்களின் வழியே நீராவியைக் கொண்டுவந்து, உள்ளே பொறிகளை இயக்கிக் காட்டினார்கள். ஓடும் பொறியைக் கண்ணால் கண்டு வாங்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1855-இல், சென்னையிலும் ஒரு பொருட்காட்சி நடந்தது. தென்னிந்தியாவின் மூலப்பொருள்கள், கலைகள், கைத்தொழிற் பொருள்கள் ஆகியவற்றின் காட்சி என்று அதற்குப் பெயரிட்டனர். பெயரிலேயே மூலப்பொருளுக்கு முதலிடம் தரப்பட்டது. மேற்கே பொறிகளை விற்க மேடை போடப்பட்டது என்றால், இங்கே என்னென்ன கிடைக்கும் என்று கணக்கெடுக்க மேடை போடப்பட்டது எனலாம். அடுத்த ஆண்டு, 1856-இல், இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கி முதல் இரயில் ஓடியது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் காடுகளைக் காக்க டாக்டர் ஹியூ கிளெகார்ன் நியமிக்கப்பட்டார். இருப்புப்பாதைக் கட்டைகளுக்காகக் காடுகள் விரைந்து அழிவதை அவர் எடுத்துரைத்தார். மரத்தின் அளவும் பொறியின் பசியும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்னும் உண்மை அப்போதே நம் நாட்டில் உணரப்பட்டது.

பொறிக்கு மரம் மட்டும் போதாது. அதனை இயக்கும் விசையும் வேண்டும். ஹனூருக்கு அண்மையில் ஓடும் காவிரியில் சிவசமுத்திர அருவி இருக்கிறது. மைசூர் சமஸ்தானம் அங்கு மின்னாக்க நிலையம் அமைத்து, 1902 ஜூன் மாதத்தில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரத்தைக் கொண்டுசென்றது. 1905-இல் பெங்களூர் நகரில் மின்விளக்குகள் எரிந்தன. ஆற்றின் மறுகரை அந்நாளில் கோயம்புத்தூர் ஜில்லா, வேறு அரசாங்கம். அருவியின் ஓசை கேட்கும் தூரத்தில் இருந்தவர்களைத் தாண்டி மின்சாரம் தொலைவுக்குச் சென்றது. கோயம்புத்தூர் நகருக்கு மின்விசை பெருக வந்தது 1930-களில் பைக்காரா நீர்மின் திட்டத்தால்தான். அதன் பயனாக அங்கே ஆலைகளும் பட்டறைகளும் பெருகின; 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரையே உள்நாட்டில் செய்து காட்டினர். விசை வந்த இடத்தில் பொறி வேர்கொண்டது. அதைப் பழுதுபார்க்கும் கைகளும் அங்கே தோன்றின.

பொறியை நம் நிலைமைக்கு ஏற்பச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையைச் செயலில் காட்டியவர் ஆல்பிரடு சாட்டர்டன். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை வளர்த்தவர் அவர். எண்ணெய் எஞ்சினால் கிணற்று நீரை இறைக்கும் முறையை அவர் மேடைமீது விளக்கியதோடு நில்லாமல், உழவர்களின் நிலங்களிலேயே பொருத்தி, செலவையும் வரவையும் கணக்கிட்டுக் காட்டினார். அரசாங்கமே தொழில்களில் இறங்குவதை இலண்டனில் இருந்த இந்திய மந்திரி மார்லி பிரபு 1910-இல் ஏற்க மறுத்தார். சாட்டர்டன் 1912-இல் மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்றார். அங்கே அப்போது திவானாகப் பொறுப்பேற்றவர் எம். விசுவேசுவரய்யா.

அவர்கள் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. மைசூர்ச் சந்தனக் கட்டை கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று, அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. கட்டைகள் கிடங்கில் குவிந்தன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எண்ணெய் வடிக்கும் முறையை இங்கேயே ஆராய்ந்து அறிந்தனர். 1916-இல் பெங்களூரிலும், 1917-இல் மைசூரிலும் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலைகள் தோன்றின. பொறியைத் தேடி மரம் பயணம் செய்த நிலை மாறி, மரம் இருக்கும் இடத்துக்குப் பொறி வந்தது. மரத்தின் இயல்பை முதலில் ஆராய்ந்தனர்; அதற்கு ஏற்பவே சாதனத்தை அமைத்தனர்.

சென்னபட்டணத்துப் பொம்மைத் தொழிலும் இதையே கூறுகிறது. கன்னடத்தில் ஆலே மரம் என்றும் தமிழில் வெட்பாலை என்றும் வழங்கும் மென்மையான வெண்மரத்தைக் கடைசல் பொறியில் சுழலவிட்டு, அதன்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கையால் வில்லை இழுத்துச் சுழற்றிய கடைசல் பொறிக்குத் துணையாக மின்கடைசல் பொறி வந்தபோது அத்தொழில் அழியவில்லை. சுழற்சி வேகம் கூடியது; அரக்கு உருகும் பக்குவத்தை அறிவது கைவினைஞரின் விரலாகவே இருந்தது. பெந்தாம் எண்ணிய பொறி திறமையின் இடத்தைப் பிடிக்க வந்தது. சென்னபட்டணத்துப் பொறியோ திறமைக்கு ஊழியம் செய்கிறது. சிறு தொழிலாளி வாங்கத்தக்கது இவ்விரண்டாம் வகையே.

இன்றைய பொருட்காட்சிகளுக்கு வருவோம். பெயரின் ஒலியால் ஹனூருக்கு உறவுபோல் தோன்றும் ஹனோவர் நகரம் ஜெர்மனியில் இருக்கிறது. 1975 முதல் அங்கு 'லிக்னா' என்னும் மரத்தொழிற் பொருட்காட்சி நடந்து வருகிறது. இலத்தீனில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நம் பக்கத்தில் பெங்களூரில் 'இந்தியாவுட்' என்னும் காட்சி நடைபெறுகிறது. கணினியின் கட்டளைப்படி செதுக்கும் பொறிகள் அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் பூவேலை செய்து காட்டுகின்றன. காண்போர் வியப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே ஓடும் பலகை, விற்பவர் கொண்டுவந்த பலகை. பெரும்பாலும் ஒரே சீராகச் செய்யப்பட்ட செயற்கைப் பலகை, அல்லது குளிர் நாட்டு மென்மரம்.

நம் தேக்கில் மணற்சத்து உண்டு. அது அலகின் கூர்மையை விரைவில் மழுக்கும். ஈட்டி மரம் பைன் மரத்தைக் காட்டிலும் மிகவும் அடர்த்தியானது. மோட்டாருக்குப் பளு கூடும். ஈரம் உலராத பலகையை எவ்வளவு விலையுயர்ந்த பொறியில் இழைத்தாலும், பின்னர் அது வளைந்து கோணும். ஆகவே பொருட்காட்சிக்குச் செல்லும் தச்சர், தாம் நாள்தோறும் கையாளும் மரத்தில் இரண்டு துண்டுகளைப் பையில் எடுத்துச் செல்வது நலம். "இதை அறுத்துக் காட்டுங்கள்" என்று கேட்பது வாங்குவோரின் உரிமை. தம் ஊரில் மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, பழுது நேர்ந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார், அலகைக் காக்கும் மறைப்பும் மரத்தூளை உறிஞ்சும் கருவியும் விலையில் அடங்குமா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-இல் வகைப்படுத்தியிருப்பதால், கடைசியாகச் சொன்னதை ஆடம்பரம் என்று ஒதுக்கலாகாது.

காட்டை அடுத்து வாழ்வோருக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால், மத்திய அரசின் அனுமதியின்றிக் காடுகளுக்குள் மர அறுவை ஆலை நடத்துவது தடுக்கப்பட்டது. மரத் தொழிற்சாலைகளுக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2016-இல் வெளியிட்டது. ஹனூரை அடுத்த மலைக்காடுகள் 2013-இல் மலை மாதேசுவரர் வனவிலங்கு சரணாலயம் ஆயின. ஆகவே, பெரிய அறுவைப் பொறியை வாங்குவது எளிது. அதை ஓட்ட உரிமம் பெறுவது வேறு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னர் வனத்துறை அலுவலகத்தில் விசாரிப்பது பின்னால் வரும் துன்பத்தைத் தவிர்க்கும்.

மரத்தின் தன்மையை அறிய விரும்புவோருக்குப் பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1938-இல் மைசூர் சமஸ்தானத்தின் வன ஆராய்ச்சிச் சாலையாகத் தொடங்கி, 1988-இல் இப்பெயரைப் பெற்றது அது. பொறியைக் காணப் பெங்களூர் செல்வோர் மரத்தைப் பற்றிய அறிவையும் அவ்வூரிலேயே பெறலாம்.

இருநூறு ஆண்டுச் சரித்திரத்தில் நிலைத்த பொறிகள் யாவும் ஒரு மரத்தையும் ஒரு தேவையையும் மனத்தில் கொண்டு பிறந்தவை. அந்த மரம் நம் மரம்தானா, அந்தத் தேவை நம் தேவைதானா என்று ஆராய்ந்து வாங்குபவரின் பட்டறையில் பொறி உழைக்கும். ஆராயாமல் வாங்கினால், பொறியின் கடனுக்காகத் தச்சரே உழைக்க நேரும்.