நகைச்சுவைக் கார் மதிப்புரைப் பத்தி

புதிதாகச் சந்தைக்கு வரும் காரை ஓட்டிப் பார்த்து, அதன் குணங்குறைகளைச் சொந்தக் கருத்தோடும் கிண்டலோடும் நாளிதழில் எழுதும் மரபு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேரூன்றி வளர்ந்தது. பொழுதுபோக்கு எழுத்து என்று இதை ஒதுக்குவோர் உண்டு. வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது. விளம்பரம் தருபவரின் பொருளிலேயே குறை காண வேண்டிய நெருக்கடியில், எழுத்தாளர் கையில் இருந்த வலுவான கருவி கிண்டல்தான்.

தொடக்கத்தில் கார் மதிப்புரையில் சிரிப்புக்கு இடமே இல்லை. 1895-இல் தொடங்கிய பிரிட்டனின் 'ஆட்டோகார்' இதழ், 1928-இல் ஆஸ்டின் 7 காரைக் கொண்டு முறையான சாலைச் சோதனையை அறிமுகப்படுத்தியது. வேகம், பிரேக், எரிபொருள் என்று எல்லாம் அளவுகள்தான். இந்த வறட்சியை உடைத்தவர் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்' என்ற அமெரிக்க மாத இதழில் 1946 முதல் எழுதிய டாம் மெக்கேஹில். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட எத்தனை வினாடி என்ற கணக்கைப் பரவலாக்கியவர் அவர். டிக்கியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்ட உதவியாளரையே உள்ளே படுக்கவைத்துப் படம் எடுத்தவரும் அவரே. பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். கன அடிக் கணக்கு சொல்லாததும் அந்தப் படத்தில் விளங்கிவிடும். ஒரே எழுத்தாளரிடம் கடிகாரமும் கேலியும் சேர்ந்திருந்ததை இந்த மரபின் உண்மையான தொடக்கம் என்று கொள்ளலாம்.

மாத இதழிலிருந்து நாளிதழுக்கு வருவது எளிதாக இல்லை. அமெரிக்க நாளிதழ்களின் வருமானத்தில் கார் டீலர்களின் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. கார் பக்கங்கள் பெரும்பாலும் அந்த விளம்பரங்களைத் தாங்கவே அச்சாயின. குறை சொன்னால் விளம்பரம் போய்விடும் என்ற அச்சம் எழுத்தில் படிந்திருந்தது. டேன் நீல் இதை நேரில் அறிந்தவர். வட கரோலினாவின் 'நியூஸ் அண்டு அப்சர்வர்' நாளிதழில் கார் மதிப்புரை எழுதிவந்த அவர், 1996-இல் ஒரு ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் மதிப்புரையை ஒட்டி அந்த வேலையை இழந்தார். பின்னர் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழில் சேர்ந்து, 2004-இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். 1970 முதல் வழங்கப்படும் அந்தப் பரிசு கார் எழுத்துக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. தொழில்நுட்ப அறிவு, நகைச்சுவை, பண்பாட்டுப் பார்வை மூன்றும் ஒன்றாகக் கலந்திருப்பதைப் பரிசுக் குழு பாராட்டியது. அடுத்த ஆண்டே அந்தக் கலவைக்குச் சோதனை வந்தது. பாண்டியாக் ஜி6 காரைப் பற்றி எழுதுகையில், போட்டிக் கார்களோடு ஒப்பிட்டால் அது தேறவில்லை என்றார் நீல். தொடர்ந்து தோற்கும் பேஸ்பால் அணியில் ஆட்டக்காரரோடு நிர்வாகியையும் மாற்றுவதுபோல், அந்தக் காரைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரிக் வேகனரையும் மாற்றலாம் என்று வாதிட்டார். 2005 ஏப்ரலில் நிறுவனம் அந்த நாளிதழுக்குத் தரும் விளம்பரங்களை நிறுத்தியது. ஆகஸ்டில் திரும்பத் தந்தது. இடைப்பட்ட மாதங்களில் நீலின் பத்தி நிற்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2009-இல், அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் வேகனர் பதவி விலகினார். நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பாண்டியாக் பெயரும் கைவிடப்பட்டது. ஒரு பத்தி இதையெல்லாம் நிகழ்த்தியது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு காரின் அரைகுறைத் தன்மையிலிருந்து அதைச் செய்த நிர்வாகத்தின் நோயைப் படித்துக் காட்ட, வினாடிக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

அளவுகள் இருக்கும்போது ஒருவரின் ரசனை எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. 1936-இல் அமெரிக்காவில் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற பெயரில் தொடங்கிய நுகர்வோர் அமைப்பு விளம்பரமே வாங்காமல், சொந்தக் காசில் கார் வாங்கிச் சோதிக்கிறது. எந்தக் கார் அடிக்கடி பழுதாகும் என்று அறிய அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் உழைப்பிலும் விலையிலும் ஏறக்குறைய சமமான நான்கு கார்களில் எது தினமும் ஓட்டுபவருக்கு உவகை தரும், எது சலிப்பூட்டும் என்பதை அட்டவணை சொல்லாது. அங்கே ஒரு மனிதர் தன் மனம் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: சிரிக்கவைக்கும் ஆசையில் எழுத்தாளர் காருக்கு அநீதி செய்துவிடலாம். 1993 முதல் 'சண்டே டைம்ஸ்' இதழில் எழுதிவரும் ஜெரமி கிளார்க்சன்மீது இந்தக் குற்றச்சாட்டு பலமுறை எழுந்தது. காருக்குத் தொடர்பே இல்லாத எதையோ பேசிக்கொண்டே போய், கடைசிச் சில பத்திகளில் மட்டும் காருக்கு வருவது அவர் பாணி. அவருடைய 'டாப் கியர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி 2008-இல் டெஸ்லா ரோட்ஸ்டரைச் சோதித்தது. பந்தயத் தடத்தில் ஓட்டினால் 55 மைலில் மின்சாரம் தீர்ந்துவிடும் என்று சொல்லி, காரைத் தள்ளிக்கொண்டு போவதையும் காட்டியது. காரில் மின்சாரம் மீதமிருந்தது என்று வாதிட்டு டெஸ்லா வழக்குத் தொடுத்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டப்படி நிகழ்ச்சி தப்பியது சரி. ஆனால் நடக்காததை நடந்ததுபோல் நடித்துக்காட்டுவது மதிப்புரையின் தரத்தைக் கெடுக்கிறது என்ற ஆட்சேபம் அதனால் கரைந்துவிடவில்லை. மெக்கேஹிலின் டிக்கிப் படத்தில் இந்தக் கோளாறு இல்லை. ஆள் உள்ளே உண்மையிலேயே படுத்திருந்தார். சந்தேகம் உள்ள வாசகர் ஷோரூமுக்குப் போய் அதே டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.