உளநாடகமும் காணொளியும்: தம்பலகாமத்தை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

1920களில் வியன்னாவில் தன்னியல்பு அரங்கை நடத்தி, 1936இல் நியூயோர்க் மாநிலத்துப் பீக்கனில் சிகிச்சை நிலையம் நிறுவிய உளமருத்துவர் ஜேக்கப் மொரேனோ, மனிதன் தன் துக்கத்தைப் பிறர்க்கு வர்ணிப்பதால் மட்டும் தெளிவடைவதில்லை, அதனை மறுபடி நடத்திப் பார்க்கும்பொழுதே தெளிவு பிறக்கிறது என்று கொண்டார். அவர் வகுத்த உளநாடகத்தின் உத்திகளுள் ஒன்று கண்ணாடி முறை. துயருற்றவர் ஒதுங்கி நிற்க, குழுவில் ஒருவர் அவருடைய நடையையும் பேச்சையும் அவர் முன்னிலையிலேயே நடித்துக் காட்டுவார். 1960களில் வீடியோ நாடா பரவியபின், மனிதர் செய்த இந்தக் காரியம் யந்திரத்தின் வசமாயிற்று. இம்மாற்றத்தை இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் போன்ற ஓர் ஊரில் விசாரணையின்றி ஏற்பது தகாது என்பதே எம் வாதம்.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களும் ஆதிகோணேசர் ஆலயமும் அவ்வூரின் பெருமை. 1998 பெப்ரவரி 1ஆம் திகதி பாரதிபுரத்தில் எட்டுத் தமிழர் கொல்லப்பட்டமை அதன் ஆறாத வடு. இத்தகைய துயரம் தனிமனித நோயாக மாத்திரமன்றிச் சமூகம் முழுவதன் காயமாகவும் நிற்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். ஆதலால் குழுவாகக் கூடும் உளநாடகம் இங்கு இயல்பாகவே பொருந்தும். மகனைத் தொலைத்த தாயொருத்தி வெற்று நாற்காலியை நோக்கிப் பேசியபின், அதே நாற்காலியில் தானே மகனாய் அமர்ந்து, "அம்மா, எனக்காக நீங்க பட்டினி கிடக்க வேண்டாம்" என்று தன்னையே நோக்கிச் சொல்லுமிடத்து, அவள் பின்னால் நின்று, அவள் சொல்லத் தயங்குவதை எடுத்துக்கொடுக்கும் துணைவர், கூத்துக்களரியில் பின்னின்று பாடித் தாங்கும் அண்ணாவியாரை ஒப்பர். கூத்தர் ஏற்பது புராண பாத்திரம், இவள் ஏற்பதோ தன் மகனின் பாத்திரம் என்ற பேதத்தை மறத்தலாகாது. ஆகவே அவள் அப்பாத்திரத்திலிருந்து மீண்டு மேடையை விட்டு இறங்கும் வழியையும் உளநாடகத்தை நடத்தும் நெறியாளரே காட்டவேண்டும்.

கமராவின் காரியம் வேறு. முகமூடியிட்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகள் முன் வரிசையில் நின்று, முகம் காட்டியதாலேயே உயிரிழந்தோரைக் கண்ட மக்களுக்குப் பதிவு என்பது சிகிச்சை உபகரணமாகத் தோன்றுமுன் சாட்சியாகவும் அச்சமாகவும் தோன்றும். சபைக் கூச்சமுடையோர்க்குத் தம் பதிவைக் காண்பது பயன் தருவதும் உண்மையே. ஆனால் அங்கும், தாம் எவ்வாறு தோன்றுவோம் என்பதை முன்னரே சொல்லச் செய்து, பின்னர் அந்நியர் ஒருவரைப் பார்ப்பதுபோல் தம்மைப் பார்க்கச் செய்தால்தான் அவர்தம் தவறான சுயபிம்பம் திருந்துகிறது. ஆயத்தமின்றித் திரையில் தன் அழுகையைக் காணும் தாய்க்கு இந்தத் தூரம் எங்ஙனம் கிட்டும்? கண்ணாடி முறையில் அவள் முகம் பார்த்து நடிப்பை நிறுத்த ஒரு மனிதர் உண்டு. நாடாவுக்கு அந்தக் கருணை இல்லை.

எனவே, முதலில் கமராவின் முன் நிற்கவேண்டியவர்கள் நெறியாளராகப் பயிலும் ஆசிரியர்களும் உளவளத்துணையாளருமே. தாம் எங்கே இடைமறித்தோம், எந்த மௌனத்தைப் பொறுக்காது பேசினோம் என்பதை அவர்கள் தம் பதிவுகளிற் கண்டு திருந்தட்டும். துயருற்றோரைப் பதிவு செய்யும் தேவை பின்னொருகால் எழுமாயின், எழுத்துமூலச் சம்மதம் பெறுவதோடு, அப்பதிவை வேண்டியபோது அழிக்கும் அதிகாரமும் அவர்கள் கையிலேயே இருக்கும்படி சிகிச்சை நிலையங்கள் இன்றே விதி செய்துகொள்ள வேண்டும்.