கல்லும் கயிறும் கர்லாக்கட்டையும்

நாற்பதைத் தாண்டிய மனிதனுக்குத் திடீரென்று சில ஞானோதயங்கள் உண்டாகும். சிலர் வேதாந்தம் படிப்பார்கள். சிலர் வெற்றிலையை விடுவார்கள். நான் ஓட ஆரம்பித்தேன். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், விடியுமுன், வேட்டியைத் துறந்து அரைக்கால் சட்டையோடு மூன்று மாதம் ஓடினேன். நாலாம் மாதம் என் வலது முழங்கால் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிவிட்டது.

எங்கள் தெருவில் சிலம்பம் சொல்லிக் கொடுக்கும் ஆசான் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது. நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, "என்ன தம்பி, தினமும் ஓடுதிய, சரி. பஸ்கி எடுக்கியளா? கர்லா சுத்துதியளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் சுவரு கட்டாம கூரை போட்ட கதைதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அது ரசிக்கவில்லை. பளு தூக்குவது பயில்வான்களின் தொழில். ஓடுகிறவன் சாட்டை மாதிரி இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: நெடுங்காலம் உலகத்துக்கே இந்த அபிப்பிராயம் இருந்திருக்கிறது. பளு தூக்கினால் சதை இறுகி, வேகம் போய்விடும் என்று ஓட்டக்காரர்கள் பயந்தார்கள். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக் ராணுவப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடிப் பழகியபோது சிரித்தவர்கள் உண்டு. அவர் 1952ல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். ஆஸ்திரேலியாவில் பெர்ஸி செருட்டி என்ற முரட்டு ஆசான், போர்ட்ஸி என்ற கடற்கரை ஊரில் தம் சீடர்களை மணல்மேட்டில் ஏறி ஓடவிட்டார். இரும்புக் குண்டுகளையும் தூக்கச் சொன்னார். அவருடைய சீடர் ஹெர்ப் எலியட் 1960ல் ரோமாபுரியில் 1,500 மீட்டரை 3 நிமிஷம் 35.6 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். (மணல்மேட்டுக்காக நாம் ஆஸ்திரேலியா போகவேண்டியதில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் தேரி இருக்கிறது. அதில் நூறு அடி ஏறிப் பார்த்தால் செருட்டியின் மீது மரியாதை பிறக்கும்.)

காரணம் சிக்கலானதல்ல. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதைத் தொடையும் இடுப்பும் தாங்காவிட்டால் முழங்கால்தான் அனுபவிக்கவேண்டும். 1999ல் வெளியான பின்லாந்து ஆராய்ச்சி ஒன்றில், ஓட்டக்காரர்கள் சிலர் ஒன்பது வாரம் பயிற்சி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குதிப்பதற்கும் பளுவுக்கும் ஒதுக்கினார்கள். பிராணவாயுவை உட்கொள்ளும் சக்தி கூடவில்லை. ஆயினும் ஐந்து கிலோமீட்டரை முன்னைவிடச் சீக்கிரம் ஓடினார்கள். அதே மூச்சில் கால்கள் அதிக தூரம் கொண்டுபோயின.

ஆசான் சொன்ன கர்லாக்கட்டையின் பிரயாணமோ ஒரு நாவலுக்குக் காணும். இந்த நாட்டில் சிப்பாய்களும் மல்லர்களும் சுழற்றிய கட்டையை வெள்ளைக்காரப் பட்டாளத்தார் பார்த்து, சீமைக்குக் கொண்டுபோனார்கள். 1830களிலேயே லண்டனில் அதைப் பற்றிப் படத்தோடு புத்தகம் வந்துவிட்டது. 1904லும் 1932லும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு பந்தயமாகவே இருந்தது. 1932ல் தங்கம் வென்ற ஜார்ஜ் ராத் என்ற அமெரிக்கர் அப்போது வேலையில்லாதவர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வந்து, வழியில் போன காரைக் கைகாட்டி வீடு போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். பிற்பாடு அதே கட்டை 'இந்தியன் கிளப்' என்ற பெயரோடு நம் பள்ளிக்கூட டிரில் வகுப்புக்குத் திரும்பி வந்தது!

இவ்வளவும் படித்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் தாத்தா நினைவுக்கு வந்தார்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் முத்துக்குளிப்பு நடந்தது. பெரிய அளவில் நடந்த கடைசிக் குளிப்பு அதுதான். தாத்தா அதில் போனார். குளிக்க அல்ல, கயிறு பிடிக்க. குளிக்கிறவர் பாரமான கல்லில் ஒரு காலை மாட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி, எட்டுப் பாகம் ஒன்பது பாகம் ஆழத்துக்கு விர்ரென்று இறங்குவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் கீழிருந்து கயிறு அசையும். உடனே சிப்பிக் கூடையை இழுக்கவேண்டும். தாமதித்தால் கீழே ஓர் உயிர் தவிக்கும். தாத்தாவின் படகில் ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். கயிறு பிடிக்கிறவருக்கு முறை கிடையாது. சூரியன் உச்சிக்கு வரும்வரை கல், கூடை, கல், கூடை.

பளு தூக்கினால் பலம் வரும் என்றால் தாத்தாவுக்குப் பீமசேனன் பலம் வந்திருக்க வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் வலது கை காதுக்கு மேலே எழும்பியதில்லை. இடது கையால்தான் தலை வாரிக்கொள்வார். உப்பளத்தில் தலைச்சுமையோடு ஓட்டமும் நடையுமாகப் போகும் பெண்களைப் பார்க்கிறேன். அவர்கள் முழங்காலை எந்த ஆராய்ச்சியாளரும் மெச்சமாட்டார். இந்த ஊரிலிருந்து கப்பல் விட்ட வ.உ.சி. இளமையில் சிலம்பமும் மல்யுத்தமும் பழகியவர். அந்த உடம்பைத்தான் 1908க்குப் பிறகு கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கில் பூட்டினார்கள். பாரம் பாரந்தான், ஆனால் இறக்கி வைக்கிற உரிமை யாரிடம் இருந்தது?

சதை, சுமக்கும்போது வளர்வதில்லை. சுமந்துவிட்டுச் சும்மா இருக்கும்போதுதான் அடிபட்ட இழைகள் கூடிப் பலப்படுகின்றன என்கிறார்கள் வைத்தியர்கள். தாத்தாவின் கூலியில் அந்தச் சும்மா இருக்கும் நாள் சேரவில்லை.

ஆசானிடம் போனேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் பஸ்கியும் தண்டாலும் கர்லாவும் என்று ஏற்பாடு. முதலில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். எனக்குக் கொடுத்த கட்டை பள்ளிப் பையனுக்குரியது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அதைச் சுழற்றிய மறுநாள் காலையில் தோளைத் தூக்க முடியவில்லை. வலது கை காதுவரை வந்து நின்றுவிட்டது. கண்ணாடி முன்னால் சீப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

ஆசானுக்குப் போன் செய்தேன். "இன்னைக்கும் நாளைக்கும் வரவேண்டாம் தம்பி. படுத்து உறங்குங்க" என்றார்.