காலி நிதியம்

உயிரினங்களின் மரபணு வரிசைத் தகவலால் ஆதாயம் ஈட்டும் நிறுவனங்கள், அதில் ஒரு பங்கை உயிர்ப்பன்மயப் பாதுகாப்புக்குத் தருவதற்கான பன்னாட்டு நிதியம். விதிகள் கொலம்பியாவின் காலி நகரில் 2024இல் கூடிய உயிரியல் பன்மய உடன்படிக்கையின் 16ஆவது மாநாட்டில் முடிவாயின. நிதியம் 2025 பிப்ரவரியில் ரோமில் தொடங்கப்பட்டது.

ஒரு காட்டுச் செடியின் மரபணு வரிசை பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், மருந்தோ விதையோ தயாரிப்பவர் அந்தக் காட்டை மிதிக்கவே வேண்டியதில்லை. செடியைக் காத்துவந்த மக்களிடம் ஒப்புதல் பெற்று ஆதாயத்தைப் பகிரும் பழைய ஏற்பாடு அங்கே செல்லாமல் போகிறது. இந்த ஓட்டையை அடைக்கவே நிதியம் பிறந்தது. மருந்து, ஒப்பனைப்பொருள், விதை, உயிரித் தொழில்நுட்பம் போன்ற துறைகளின் பெருநிறுவனங்கள் இலாபத்தில் 1% அல்லது வருவாயில் 0.1% தரவேண்டும் என்பது வழிகாட்டு விகிதம். பொதுத் தரவுத்தளங்களுக்கும் பொது ஆய்வு, கல்வி நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு.

குறைந்தது பாதித் தொகை பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் உரியது. இதுவே நிதியத்தின் தலையாய சிறப்பு. பெருங்குறை, செலுத்துவது கட்டாயமில்லை என்பது. உயிர்ப்பன்மயப் பாதுகாப்புக்கான உலக இலக்கோ 2030க்குள் எல்லா வழிகளிலும் ஆண்டுக்கு 20,000 கோடி டாலர் திரட்டுவது. நிறுவனங்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இந்த நிதியம் அதற்குத் தக்க பங்களிக்க முடியாது. நாடுகள் தத்தம் சட்டத்தில் இதை எழுதியாக வேண்டும்.