கல்லில் கண்ட பெயர்

கொழும்பின் பழைய தேவாலயம் ஒன்றில் மண்டியிட்டுத் தரையைப் பார்க்கிறார் ஒருவர். கல்லில் பெரிய எழுத்துகளில் அவருடைய குடும்பப் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது.

அவர் மைக்கேல் ஒண்டாச்சி. 1943இல் கொழும்பில் பிறந்து, 11 வயதில் இங்கிலாந்துக்குப் போய், பின்பு கனடாவில் எழுத்தாளர் ஆனவர். டச்சு, சிங்களம், தமிழ் மூன்றும் கலந்த பறங்கியர் குடும்பம் அவருடையது. டச்சு ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்திய வைத்தியர் ஒருவர்தான் தங்கள் மூதாதை என்பது வீட்டில் வழிவழியாக வந்த கதை. நிலமும் மனைவியும் பரிசாகக் கிடைத்தனவாம். அவருடைய பெயரும் டச்சு எழுத்துக்கூட்டலுக்கு மாறியதாம்.

1978இலும் 1980இலும் இலங்கைக்கு வந்து, அத்தைமாரிடமும் உறவினரிடமும் உட்கார்ந்து கேட்ட கதைகள் 1982இல் 'ரன்னிங் இன் த ஃபேமிலி' நூலாயின. கவிதை, புகைப்படம், உரையாடல் எல்லாம் அதில் உண்டு. உண்மை எது, மிகைப்படுத்தல் எது என்று அவர் பிரித்துக் காட்டவில்லை. அதுவே நூலின் பெரும் பலம். குடிப்பழக்கத்தில் சிதைந்த தந்தை மெர்வினைப் பற்றிய பக்கங்கள் நெஞ்சைப் பிசைபவை.

தாய் டோரிஸ் கிரேஷனோ நடனத்திலும் நாடகத்திலும் ஊறியவர். 1992இல் மகனுக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில், ஆங்கிலத்தில் எழுதும் இலங்கை எழுத்தாளர்களுக்காகத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரில் கிரேஷன் விருதை நிறுவினார். முதல் விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் கார்ல் முல்லர். அவருடைய 'த ஜாம் ஃப்ரூட் ட்ரீ' நாவலும் ஒரு பறங்கியர் குடும்பத்தின் கதைதான்.